கண்ணாடிச் சாமந்தியின் பூர்வீகம்

தாம்பரம், மேடவாக்கம், வேளச்சேரி வட்டாரங்களில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்போரைப் பெரிதும் குழப்புவது, கல்லிடுக்கிலோ வடிகட்டிக் குழாயிலோ தானாக முளைத்து நிற்கும் பழுப்புநிறக் கடற்சாமந்தி ஆகும். அது உயிர்ப்பாறையில், அதாவது உயிர்களோடு எடுக்கப்படும் பவளக்கல்லில், ஒட்டிக்கொண்டு வந்தது என்பதே மேலைநாட்டுத் தொட்டிக் கையேடுகள் தரும் வழக்கமான விடை. இந்தியாவிலோ, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் பாறை கட்டும் பவளங்கள் சேர்க்கப்பட்ட பின், அவற்றைக் கடலிலிருந்து எடுப்பது குற்றமாகிவிட்டது. ஆகவே கோவளத்தில் மொண்ட நீர், சிப்பி ஓடு, கடற்பாசி, இன்னொருவர் தொட்டியிலிருந்து வந்த மீன் ஆகிய எல்லாவற்றையும் இங்கே தனித்தனியே ஐயுற வேண்டியிருக்கிறது.

உயிரின் உடலே முதல் சான்று. இதன் பழுப்பு நிறம் திசுவுக்குள் குடியிருக்கும் ஒற்றைச்செல் பாசிகளுடையது. இருளில் நெடுநாள் வைத்தால் பாசி குறைந்து உடல் கண்ணாடியாகத் தெளிந்துவிடும். சீண்டினால் அகான்டியா எனப்படும் கொட்டும் வெள்ளிழைகளை உடற்சுவரின் நுண்துளைகள் வழியே வெளியே விடும். நகரும்போது பாதத்தின் விளிம்பிலிருந்து கிழிந்து தங்கும் துணுக்கு ஒவ்வொன்றும் ஒரு முழு உயிராக வளர்கிறது என்பதால், சுரண்டி எடுப்பவர் பெரும்பாலும் அதைப் பெருக்கியே விடுகிறார்.

தொட்டிக்காரர்கள் இதை ஐப்டேசியா என்பர். 1829-இல் ராப் என்பவர் இவற்றுள் ஓர் இனத்துக்குப் பெயரிட்டது முதல், வெவ்வேறு கடல்களில் கிடைத்தவை வெவ்வேறு இனங்களாகவே எழுதப்பட்டுவந்தன. 2013-இல் தார்ன்ஹில் குழுவினரின் மரபணு ஆய்வு, உலகெங்கும் பரவிய ஒரு கூட்டத்தையும் ஃபுளோரிடாப் பகுதிக்குரிய இன்னொன்றையும் பிரித்துக் காட்டியது. மறு ஆண்டில் கிரஹாலெஸ், ரோட்ரிகெஸ் என்னும் ஆய்வாளர்கள் அந்தப் பெயர்களிற் பலவற்றை ஒன்றாக்கி, எக்ஸைப்டேசியா என்னும் புதிய பேரினத்தை நிறுவினர். உலகெங்கும் ஒரே இனம் என்றான பிறகு, பெயரைக் கொண்டு ஊரை அறியும் வழி அடைபட்டுப் போயிற்று; இந்தத் தேடலின் உண்மையான கடினம் அங்கேதான் இருக்கிறது.

எண்ணூர் மீனவர்கள் 'காக்கா ஆழி' என்று அழைக்கும் மட்டியின் கதை வேறு; அதன் இனப்பெயரே பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறது. ஆற்றுப்படுகையைக் கம்பளமாக மூடி இறால் புதைய இடமில்லாமற் செய்யும் இது மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா என்னும் வெப்பமண்டல அமெரிக்க இனம். 2019-இல் கேரள உப்பங்கழிகளிலிருந்து பதிவு செய்யப்பட்டது. இத்தகைய மட்டிகளைப் பிரித்தறிய, மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள சி.ஓ.ஐ. என்னும் மரபணுத் துண்டு பெரிதும் உதவுகிறது. கடற்சாமந்திகளிலோ அதே துண்டு மிக மெதுவாகவே மாறுவதால், நெருங்கிய இனங்களை அது பிரித்துக் காட்டுவதில்லை. வேறு மரபணுக்களையும், உட்தடுப்புகளின் அமைப்பையும், கொட்டும் செல்களின் அளவையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எனவே மாதிரி எடுக்கும் முறையே முடிவைத் தீர்மானிக்கிறது. தொட்டவுடன் சுருண்டுகொள்ளும் உயிரை மெக்னீசியம் குளோரைடு கரைசலில் தளர்த்தி, ஒரு பகுதியை உடற்கூற்றுக்காக ஃபார்மலினிலும், ஃபார்மலின் மரபணுவைச் சிதைப்பதால் மற்றொரு பகுதியை எத்தனாலிலும் இட வேண்டும். நீர் எங்கே எடுக்கப்பட்டது, கல்லும் மீனும் எவரிடமிருந்து, எந்த நாளில் வந்தன என்பதைச் சீட்டில் எழுதி, சாந்தோமிலுள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கடல் உயிரியல் மையம் போன்ற இடத்தில் காட்டினால், வல்லுநர் தொடங்குவதற்கு ஒரு புள்ளி கிடைக்கும்.