கோட்டையூர்ச் சாலையில் அணைந்த விளக்கு

செட்டிநாட்டுக்குப் போகிறவர்கள் கானாடுகாத்தான் மாளிகைகளைப் பார்ப்பார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்ப்பார்கள். நானோ, நேயர்களே, கோட்டையூரைத் தாண்டி ஒரு மரத்தடியைத்தான் முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்!

வாகனம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள். அதன் பெயர் வேண்டாம். குற்றம் செய்தவனுடையதல்ல, வைத்திருந்தவனுடையது. பொழுது சாய்ந்திருந்தது. முன்விளக்கு இரண்டு முறை கண் சிமிட்டியது. நான் சட்டை செய்யவில்லை. ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியதும் விளக்கும் போயிற்று, இன்ஜினும் நின்றது. பின்னால் வந்த பஸ் அலறிக்கொண்டு ஒதுங்கியபோதுதான், பின்விளக்கும் இல்லாமல் நடு ரோட்டில் நிற்கிறோம் என்பது உறைத்தது.

ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், வியர்க்க விறுவிறுக்க உதைத்தேன். 'பாட்டரி செத்துவிட்டது' என்று தீர்ப்புச் சொல்லி, புதிதுக்கு எத்தனை ஆயிரம் ஆகும் என்று மனக்கணக்கும் போட்டாயிற்று.

சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் இறங்கினார். விரல் இடுக்கிலிருந்த கிரீஸே அவர் தொழிலைச் சொல்லிற்று.

"ஹாரன் அடிக்குதா தம்பி?"

"இல்லீங்க ஐயா."

"அம்மீட்டர் முள்ளு?"

"சாவியைத் திருப்பினாலும் அசையலை."

"அப்ப பிளக்கைக் கழட்டாதீங்க."

விளக்கும் ஹாரனும் சரியாக இருந்து இன்ஜின் மட்டும் முரண்டு பிடித்தால் பாயிண்ட், கன்டென்ஸர், காயில், பிளக் என்று தேடலாம். எல்லாமே ஒரு சேரப் போனால், எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில்தான் கோளாறு: பாட்டரி, ஃபியூஸ், சாவி, எர்த் கம்பி. தெருவே இருண்டால் நம் வீட்டு பல்பையா மாற்றுகிறோம்?

ஃபியூஸ் நன்றாக இருந்தது. பையிலிருந்து, இரண்டு ஒயர் வைத்த சின்ன பல்பு ஒன்றை எடுத்தார். பாட்டரியின் இரு முனைகளிலும் வைத்தார், பளிச்சென்று எரிந்தது. நான் சாகடித்த பாட்டரி உயிரோடிருந்தது! பிறகு ஒரு ஒயரை எர்த் ஆகாத முனையில் வைத்து, மற்றதை இன்ஜினின் வெற்று உலோகத்தில் தொட்டார். எரியவில்லை. அதாவது, புறப்பட்ட கரண்ட் பாட்டரிக்குத் திரும்ப வழியில்லை. எர்த் கம்பியைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டைக் கழற்றினால், அடியில் வட்டமாகத் துரு. உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினார். முள் துள்ளியது.

"துருவைப் படிக்கிறதுக்குன்னே நம்ம ஊர்ல சிக்ரி இருக்கு. இங்க வந்து துருவால நிக்கிறீங்களே!" என்று சிரித்தார்.

வேடிக்கைப் பேச்சல்ல. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்குத்தான் அந்தச் செல்லப் பெயர். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்து காரைக்குடிக்கு வரவழைத்தது அது. 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல் அப்போதைய உப ராஷ்டிரபதி டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். பாட்டரி, துரு இரண்டுமே அங்கே ஆராய்ச்சிக்குரியவை. மண்டபம் கடலோரத்தில் உலோகத் துண்டுகளை உப்புக் காற்றில் வைத்து, எது எவ்வளவு அரிக்கிறதென்று பார்க்கிறார்கள். இரண்டும் ஒரே குடும்பத்து ரசாயனம்தான். உலோகம் எலெக்ட்ரானைக் கொடுக்கிறது. பாட்டரியில் அதை ஒயர் வழியே அனுப்பி வேலை வாங்குகிறோம், துருவில் இரும்பு வீணே கரைகிறது. என் வண்டியில் தம்பி அண்ணன் வாயை அடைத்துவிட்டான்!

பெரியவர் காசு வாங்கவில்லை. மீதி உப்புத்தாளை என் பையில் செருகிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

கானாடுகாத்தானை அடைந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. நீண்ட அந்தத் தெருக்களில், என் முன்விளக்கில் ஒவ்வொரு திண்ணைத் தூணாக வெளிவந்து மறைந்தது.