பழைய மோட்டாரும் அதன் ஹீட்டரும்

நம் நாட்டில் மோட்டார் வைத்திருப்போர்க்கு என்ஜினின் உஷ்ணம் ஒரு சத்துரு. சித்திரை மாதத்துப் பகலில் மலைச்சாலை ஏறும் வண்டி கொதித்து நின்றுவிட, டிரைவர் முன்மூடியைத் திறந்து வைத்துத் தண்ணீருக்கு அலைவதை நாம் யாவரும் கண்டிருக்கிறோம். கனடா தேசத்து மானிட்டோபா மாகாணத்திலோ அதே உஷ்ணம் பேணிக் காக்கவேண்டிய செல்வம். யான் வசித்துவரும் வின்னிபெக் நகரில் ஜனவரி இரவு பூஜ்யத்திற்குக் கீழே 20 டிகிரி சென்டிகிரேட் என்பது சாதாரணம். 30 டிகிரிக்கு இறங்கும் இரவுகளும் உண்டு. இரவில் வெளியே நிறுத்திய வண்டி காலையில் கிளம்பவேண்டுமாயின், என்ஜினோடு பொருத்திய ஒரு மின்சாரச் சூடேற்றியின் கம்பியை வீட்டுச் சுவரில் செருகிவைத்தல் வேண்டும். வண்டிகளின் மூக்கிலிருந்து கம்பி தொங்குவதைக் கண்டு, ஊருக்குப் புதியவர்கள் இங்கே மோட்டார்களெல்லாம் மின்சாரத்தால் ஓடுவன என்று எண்ணுவதுண்டு.

என்ஜினின் சூடு உள்ளே வரும் வழி மிக எளியது. பெட்ரோலில் அடங்கிய சக்தியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கே சக்கரங்களைச் சுழற்றும் வேலைக்கு ஆகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியாகவும், என்ஜினைச் சுற்றி ஓடும் கூலண்ட் என்னும் திரவத்தின் வழியாகவும் சூடாக வெளியேறுகிறது. இத்திரவம் 90 டிகிரி அளவில் காய்ந்து, முன்புறத்து ரேடியேட்டருக்குப் போய் ஆறித் திரும்பும். அதிலே ஒரு கிளையை இரண்டு ரப்பர்க் குழாய்களால் பிரித்து, என்ஜினுக்கும் ஆட்கள் அமரும் இடத்திற்கும் நடுவேயுள்ள தகட்டுச் சுவரைத் துளைத்து உள்ளே கொணர்ந்து, ஒரு சிறு ரேடியேட்டரில் ஓடவிடுகிறார்கள். அதனூடே விசிறி காற்றைச் செலுத்த, காற்று சூடேறி நம் கால்களுக்கும் முன்கண்ணாடிக்கும் வருகிறது. தொழிலாளர் இதனை ஹீட்டர் கோர் என்பர். ஒரு கையகராதியின் பருமனுக்கு மேல் இராது. 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நாஷ் கம்பெனியார் வெளிக்காற்றை உள்ளிழுத்து இவ்விதம் சூடாக்கி அனுப்பும் ஏற்பாட்டை விற்பனைக்குக் கொணர்ந்தனர். பெட்ரோல் வண்டிகளில் இன்றைக்கும் அடிப்படை அதுவே.

நிற்க, கூலண்டைப் பற்றியும் ஒரு சொல். அது வெறும் தண்ணீராயின் இவ்வூரில் ஓரிரவில் உறைந்து விரிந்து என்ஜினின் வார்ப்பிரும்பையே பிளந்துவிடும். ஆதலின் எதிலீன் கிளைக்கால் என்ற பொருளைத் தண்ணீரோடு சரிபாதியாகக் கலக்கிறார்கள். தண்ணீர் பூஜ்யத்தில் உறைவது. கிளைக்கால் தனித்திருந்தால் பூஜ்யத்திற்குக் கீழே 13 டிகிரியில் உறைவது. இரண்டும் கலந்தாலோ கீழே 37 டிகிரி வரை உறைவதில்லை. நம் கல்லூரியின் ரசாயன வகுப்பில், வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, உறைநிலைத் தாழ்வு என்ற பாடத்தை யாங்கள் மனப்பாடம் செய்தது பரீட்சைக்காக மட்டுமே. அதன்மேல் உயிரை வைத்து மனிதர் வாழும் ஊர் ஒன்று உண்டென்று அன்று யார் நினைத்தார்?

எங்கள் வண்டி 1998ஆம் ஆண்டிற் செய்யப்பட்டது. 2016இல் அதனை 1,800 டாலருக்கு வாங்கினோம். என் மனைவியார் நகரின் மறுகோடியிலுள்ள ஒரு மருத்துவமனையில் இரவு நர்ஸாக வேலை பார்த்துவந்தார். பஸ் அவ்வேளையில் ஒன்றரை மணி நேரத்துப் பிரயாணம். அதிலும் அரைமணி நேரம் பனியில் நிற்றல். ஆதலின் வண்டி எங்களுக்கு ஆடம்பரப் பொருளன்று.

2018ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் அவர் வீடு திரும்பி, "வண்டிக்குள்ளே பதநீர் காய்ச்சுகிற வாடை வருகிறதுங்க," என்றார். யான் போய் முகர்ந்தேன். மெய்தான். விடிலியின் பக்கத்தில் நிற்பதுபோலக் கருப்பட்டிப் பாகின் இனிய வாடை. இந்நாட்டார் இதே வாடையை மேப்பிள் மரத்துப் பாகிற்கு ஒப்பிடுவர். அவரவர் ஊர்ப் பாகு அவரவர்க்கு. வாடையால் ஒருவர்க்கும் தீங்கில்லையென்று சில நாள் விட்டிருந்தோம். பிறகு முன்கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய மங்கல் படியலாயிற்று. மூச்சுக்காற்றால் வரும் மங்கலாயின் ஹீட்டரைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினால் மறையும். இதுவோ திருப்பத் திருப்ப மிகுந்தது. துணியால் துடைத்தால் எண்ணெய்போல் இழுபட்டு, எதிர்வரும் வண்டிகளின் விளக்கொளியைச் சிதறடித்தது. டிசம்பரில் இங்கே சூரியன் 8 மணிக்குப் பின்பே உதிக்கும். இரவு வேலை முடித்துக் காலை 7.30 மணியிருட்டில் வந்துகொண்டிருந்தவர்க்கு, ரெட் ஆற்றுப் பாலத்தை நெருங்குகையில் கண்ணாடி முழுவதும் ஒரே வீச்சில் வெண்திரையாகிவிட்டது. பக்கத்துக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டிப் பார்த்து, வண்டியைப் பாலத்துக்கு இப்புறமே ஓரங்கட்டி நிறுத்தினார். பின்னால் ஒரு பெரிய லாரி வந்ததாம். அதைப்பற்றி அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, யானும் கேட்கவில்லை.

ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். கூலண்ட் குறைகிறதென்று சொன்னவுடன், வண்டியின் முன்மூடியைத் திறந்து ஒரு நிமிஷம் நோக்கிய மனிதர், ஸிலிண்டர் மேல்மூடியின் காஸ்கெட் போய்விட்டது, 2,000 டாலர் ஆகும், இல்லையேல் வண்டியைக் காயலான் கடைக்குக் கொடுத்துவிடுங்கள் என்றார். நோயாளியினும் வைத்தியம் விலை மிகுந்ததாயிற்று. வேறு வண்டி வாங்குவதாயின், என் தம்பியின் படிப்பிற்காக மாதந்தோறும் ஊருக்கு அனுப்பிவந்த பணத்தில் கைவைத்தாக வேண்டும்.

எங்கள் அண்டை வீட்டுப் பெரியவர் பஸ் பட்டறையில் 40 வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர்; அவருடைய பாட்டனார் காலத்தில் உக்ரேனிலிருந்து குடியேறிய குடும்பம். செய்தியைக் கேட்ட அவர், "பார்த்துச் சொன்னானா, சோதித்துச் சொன்னானா?" என்று ஒரே கேள்வி கேட்டார். கூலண்ட் குறைவது காய்ச்சலைப்போல. நோய் இன்னதென்று அது மட்டும் சொல்லாது என்பது அவர் கட்சி. காஸ்கெட் போயிருந்தால் எரிந்த வாயு கூலண்டிற் கலக்கும். அதனைக் கண்டறிய ஒரு நீலத் திரவம் உண்டு. ரேடியேட்டரின் வாயிலுள்ள காற்றை அதன் வழியே இழுத்தால், எரிந்த வாயு இருப்பின் மஞ்சளாக மாறும். எங்கள் வண்டியில் அது கடைசிவரை நீலமாகவே நின்றது. எண்ணெயிலும் பால்போன்ற கலக்கமில்லை.

முன் இருக்கைக்குக் கீழுள்ள கம்பளம் ஈரமாயிருந்தது. இதனையும் அவர் சாட்சியாக ஏற்கவில்லை. குளிர்காலத்தில் காலணியில் ஒட்டிய பனி உருகிக் கம்பளம் நனையாத வண்டி இவ்வூரில் ஏது? ஒரு வெள்ளைக் காகிதத்தை ஒற்றி எடுத்தார். பச்சைக் கறை ஏறியது. விரலுக்கு வழவழப்பாகவும் இருந்தது. பனிநீர் அப்படி இராது.

இவ்வளவு கண்டபின்பும் அவர் திருப்புளியைத் தொடவில்லை என்பதை மாணாக்க நண்பர்கள் கவனிக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியிருக்கும் இடத்தில் ஒரு கைப்பம்பைப் பொருத்தி, என்ஜின் குளிர்ந்திருக்கையிலேயே சதுர அங்குலத்திற்கு 15 ராத்தல் அழுத்தம் ஏற்றினார். இருபது நிமிஷத்தில் முள் 11க்கு இறங்கியது. வண்டியின் அடியில் ஒரு துளியும் விழவில்லை. பின்பு தகட்டுச் சுவரருகே ஹீட்டருக்குப் போகும் இரு குழாய்களையும் கழற்றி, வளைந்த ஒரு குழாய்த்துண்டால் அவற்றை ஒன்றோடொன்று இணைத்து, சிறு ரேடியேட்டரை வட்டத்திலிருந்து விலக்கிவிட்டு மறுபடியும் 15 ராத்தல் ஏற்றினார். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தோம். முள் அசையவில்லை. குற்றவாளி இன்னானென்பதில் இனி ஐயத்திற்கு இடமில்லை. இந்த ஒரு சோதனையின் அழகிற்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன் என்றாலும் தகும்.

அப்படியே விட்டுவிட்டால் வண்டி ஓடும், கசிவும் இராது. வெப்பமான நாடுகளில் பலர் அவ்வாறே செய்துவிடுவர். இவ்வூரில் அது இயலாது. உட்காருபவரின் மூச்சே கண்ணாடியில் பனித்தகடாக உறைந்துவிடும். கசிவை அடைக்கும் மருந்துப் பொடியொன்றும் கடைகளில் விற்கிறது. "ஓட்டையை அடைக்கும் பொடிக்கு ஓட்டை எது, குழாய் எது என்று தெரியுமா?" என்றார் பெரியவர்.

புதிய ஹீட்டர் கோரின் விலை 85 டாலர்தான். ஆனால் அது இருக்குமிடம்! வண்டியைக் கட்டுவோர் முதலில் இதனை வைத்து, அதன்மேல் மற்றவற்றையெல்லாம் அடுக்கினார்களோ என்று தோன்றும். பெரியவரின் சூடேற்றிய கொட்டகையில் இரண்டரை நாள் வேலை. பாட்டரியின் இணைப்பை முதலில் நீக்கிச் சிறிது நேரம் காத்திருந்தோம். விபத்தில் ஊதியெழும் காற்றுப்பை, மின்சாரம் எஞ்சியிருப்பின் முகத்திலடிக்கும். சக்கரத்தை நேராக நிறுத்திப் பூட்டி, ஸ்டியரிங் தண்டை இறக்கி, டாஷ்போர்டை முழுவதும் கழற்றினோம். ஸ்குரூக்களை முட்டை அட்டையின் குழிகளில் கழற்றிய வரிசைப்படி இட்டு, ஒவ்வொரு குழிக்கும் இலக்கம் எழுதினோம். குளிர்சாதன வாயுவின் குழாய்களைத் தொடாமலே ஹீட்டர்ப் பெட்டியைத் திறக்கக்கூடிய அமைப்பாயிருந்தது எங்கள் பாக்கியம். பல வண்டிகளில் அப்படியன்று. அவற்றில் உரிமம் பெற்றவரைக் கொண்டு அவ்வாயுவை முதலில் இறக்கிவிட வேண்டும்.

வடித்த கூலண்டை மூடியுள்ள வாளியில் ஊற்றுமாறு என் மனைவியார் மிகவும் வற்புறுத்தினார். பெரியவரிடம் ஒரு நாயுண்டு. கிளைக்கால் இனிப்பாயிருப்பதால் நாயும் குழந்தையும் அதை நாடும். விஷம் என்பது அதன் முதல் உருவத்திலன்று. ஈரலிலுள்ள ஒரு நொதி தொடங்கிவைக்கும் மாற்றத்தால் கிளைக்கால் படிப்படியாக ஆக்ஸாலிக் அமிலமாக மாற, அது கால்சியத்தோடு கூடிப் படிகமாகிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மருத்துவமனையில் இதற்குக் கொடுக்கும் மருந்தாகிய போமிபிஸோல் விஷத்தை முறிப்பதில்லை. அந்நொதியைத் தடுத்து, உடல் கிளைக்காலை மாறாமலே வெளியேற்ற அவகாசம் தருகிறது. சாராயமும் அதே நொதியைத் தன்பக்கம் இழுத்துக்கொள்வதால் முன்னாளில் அதனையே மருந்தாகக் கொடுத்தார்களாம். இவற்றையெல்லாம் அவர் கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டே சொன்னார். பெரியவர் எழுந்துபோய் நாயை வீட்டிற்குள் கட்டிவிட்டு வந்தார்.

மூன்றாம் நாள் பெட்டி வெளியே வந்தது. அலுமினியக் குழல்கள் பக்கத்துப் பிளாஸ்டிக் தொட்டியோடு சேரும் ஓரத்தில், காய்ந்த உப்பைப்போல் வெள்ளையும் பச்சையுமாக ஒரு பொருக்கு. அதன் கீழே ஊசி நுழையாத ஓட்டை. கூலண்டில் உலோகத்தைக் காக்கும் மருந்துகள் கலந்திருக்கும். சில ஆண்டுகளில் அவை தீர்ந்துபோகும். அதன்பின் திரவம் பார்வைக்குப் பச்சையாகவே இருந்தாலும் அலுமினியத்தை அரிக்கும். எங்களுக்கு முன்னிருந்தவர்கள் அதனை நெடுங்காலம் மாற்றியிருக்கவில்லை என்பது வடித்த திரவத்தின் வண்டலிலேயே தெரிந்தது.

புதியதை வைக்கையில், பழையதைச் சுற்றியிருந்த பஞ்சுப்பட்டையைப்போலவே புதிய பட்டை வெட்டி ஒட்டினார் பெரியவர். அதனை விட்டுவிட்டால் காற்று சிறு ரேடியேட்டரினூடே போகாமல் பக்கவழியாக நழுவிவிடுமாம். பட்டறைகள் சில அவசரத்தில் ஒட்டாமல் விட, புதிய கோர் வைத்தும் சூடு வரவில்லையென்று வண்டிக்காரர் திரும்பி வருவாராம். எல்லாவற்றையும் மீண்டும் பூட்டுவது அவிழ்ப்பதைவிட விரைவாகவே முடிந்தது. முட்டை அட்டையில் ஒரு குழியும் மிச்சமில்லை.

கூலண்டை ஊற்றி என்ஜினைக் கிளப்பினோம். டாஷ்போர்டிற்குள் யாரோ குடத்திலிருந்து தண்ணீர் சாய்ப்பதுபோன்ற ஓசை. வந்ததோ குளிர்ந்த காற்று. என் மனைவியார் என்னைப் பார்த்தார். குழாயில் காற்று அடைபட்டிருக்கிறதென்று சொல்லி, பெரியவர் வண்டியின் முன்புறத்தை ஜாக்கியால் உயர்த்தி, மூடியைத் திறந்தபடியே என்ஜினை ஓடவிட்டார். குமிழிகள் மேலே வந்து வெடித்து அடங்கின. ஓசை நின்ற சற்று நேரத்தில் சூடான காற்று வந்தது. வாடை மிகக் குறைந்திருந்தது. கண்ணாடியின் உட்புறத்தை மூன்று முறை கழுவித் துடைத்தோம். அன்றிரவு அவர் வேலைக்குப் போகையில் வெளியே பூஜ்யத்திற்குக் கீழே 27 டிகிரி. மறுநாட் காலை 8 மணிக்கு வந்திறங்கியவர் கையுறையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

பெரியவர்க்குக் கூலி கொடுக்க முயன்றோம், வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் இட்டலியும் மிளகாய்ப்பொடியும் கேட்டு வாங்கிக்கொண்டார். கம்பளத்தில் ஊறிய கூலண்ட் மட்டும் எளிதில் போகவில்லை. மே மாதத்தில் பனி உருகிய பிறகு அதனைப் பெயர்த்தெடுத்து, சோப்பிட்டுக் கழுவி, வேலியின்மேல் மூன்று நாள் வெயிலில் விரித்துப் போட்டோம்.