வடபழனியில் ஒரு மாயா பஜார்

வடபழனி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? முருகன் கோயில், கல்யாண மண்டபம், ஆற்காடு ரோடு நெரிசல்... இல்லையா? எனக்கு முதலில் ஞாபகம் வருவது கடோத்கஜன்தான்!

சிரிக்காதீர்கள். 'மாயா பஜார்' படம் எடுத்த விஜயா-வாகினி ஸ்டூடியோ இருந்த இடம் அது. ஒரு காலத்தில் ஆசியாவிலேயே பெரிய ஸ்டூடியோக்களில் ஒன்று என்று பெயர் வாங்கியது. பள்ளி விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து வந்திருந்த என் எட்டு வயசுப் பேத்தியை அழைத்துக்கொண்டு போன மாதம் அங்கே போய் வந்தேன்.

மெட்ரோ ரயிலில் வடபழனி ஸ்டேஷனில் இறங்கினோம். முதலில் முருகன் தரிசனம். பிறகு ஆற்காடு ரோடில் மெதுவாக நடை. ஸ்டூடியோ வளாகத்தில் இன்று பெரிய ஆஸ்பத்திரி, ஓட்டல், 2013ல் திறந்த மால் எல்லாம் இருக்கின்றன. விஜயா என்ற பெயர் மட்டும் ஆஸ்பத்திரியிலும் மாலிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆஸ்பத்திரியை 1972ல் ஆரம்பித்தவர் ஸ்டூடியோ அதிபர் நாகி ரெட்டியேதான்.

"துவாரகை எங்கே பாட்டி?" என்றாள் பேத்தி. முதல் நாள் ராத்திரிதான் படத்தைப் போட்டுக் காட்டியிருந்தேன்.

"இங்கேதான்டி இருந்தது. ஒரு பெரிய கொட்டகைக்குள்ளே, பொம்மை வீடு மாதிரி குட்டிக் குட்டி மாளிகையா செஞ்சு வெச்சு, அதுக்குள்ளே விளக்குப் போட்டுப் படம் பிடிச்சாங்க" என்றேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. "கம்ப்யூட்டர் இல்லாமலா?" என்றாள்.

கணக்குப் பிள்ளை செய்த மாயம்

கம்ப்யூட்டர் இல்லாமல்தான்! படத்தை இயக்கிய கே.வி. ரெட்டி 1912ல் ஆந்திராவில் தாடிபத்ரியில் பிறந்தவர். பௌதிகம் படித்தவர். வாகினியில் பணம் காசு கணக்குப் பார்க்கும் வேலையில் ஆரம்பித்து டைரக்டர் ஆனவர். அந்தக் கணக்குப் புத்தி கடைசிவரை போகவில்லை. நடிகர்களை ஒத்திகை பார்க்கச் சொல்லி, எந்தக் காட்சி எத்தனை நேரம் ஓடும் என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொண்டுதான் படம் பிடிப்பாராம். நாம் கல்யாணத்துக்கு அரிசி, பருப்பு கணக்குப் போடுகிற மாதிரி!

1951ல் 'பாதாள பைரவி'. 1957ல் தெலுங்கிலும் தமிழிலுமாக 'மாயா பஜார்'. ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி, ஸ்டூடியோவுக்குள்ளேயே நிலா வெளிச்சத்தை உண்டாக்கிக் காட்டினார். எஸ்.வி. ரங்காராவ் கல்யாண விருந்தைத் தனியாளாக உட்கார்ந்து காலி செய்கிறாரே, அந்தப் பாட்டைத் தமிழில் பாடியவர் திருச்சி லோகநாதன். கடோத்கஜன் பெண் வேஷம் போட்டு வருகிற இடத்தில், சாவித்திரி மீசை முறுக்காத குறையாக நடிப்பாரே, அதைப் பார்த்துத்தான் பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

இன்னொரு விஷயம் கவனித்திருக்கிறீர்களா? பாரதக் குடும்பத்துக் கதைதான். ஆனால் படம் முழுக்கத் தேடினாலும் பாண்டவர்கள் ஒருவர்கூட வரமாட்டார்கள்! அவர்கள் இருக்கிறார்கள் என்று நாமாகவே நினைத்துக்கொள்கிறோம். எல்லாவற்றையும் காட்டிவிடாமல் நமக்கும் கொஞ்சம் வேலை வைத்த மனிதர் கே.வி. ரெட்டி.

வெற்றிலைப் பெட்டிக்குள் அப்பா

அந்த வேலையை நான் ஏழு வயசில் கற்றுக்கொண்டேன். நாங்கள் விழுப்புரத்துப் பக்கம். எங்கள் ஊர் டெண்ட் கொட்டகையில் பழைய படங்களைத் திருப்பித் திருப்பிப் போடுவார்கள். 1971ல் மணலில் உட்கார்ந்து, அம்மா மடியில் சாய்ந்துகொண்டு 'மாயா பஜார்' பார்த்தேன்.

அப்பா பட்டாளத்தில் இருந்தார். அந்த டிசம்பரில் யுத்தம் வந்தது. கடிதம் நின்றுபோனது. அம்மா தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்குத் திண்ணையில் அரிசி பொறுக்க உட்காருவாள். பொறுக்கின அரிசியையே மறுபடி பொறுக்குவாள்.

படத்தில் கிருஷ்ணன் வத்ஸலைக்கு ஒரு பெட்டி பரிசளிப்பான், ஞாபகம் இருக்கிறதா? திறந்தவருக்கு எது ரொம்பப் பிரியமோ அது அதில் தெரியும். வத்ஸலை திறந்தால் அபிமன்யு. அவள் அம்மா திறந்தால் நகை! என்னிடம் அந்தப் பெட்டி இல்லை. பாட்டியின் பித்தளை வெற்றிலைப் பெட்டி இருந்தது. ராத்திரி தம்பி அழும்போது அதைத் திறந்து வைத்துக்கொண்டு, "அதோ அப்பா... ரொட்டி சாப்பிடறார்... இப்ப சிநேகிதரோட சீட்டு ஆடறார்" என்று சொல்லிக்கொண்டே போவேன். தம்பி தூங்கிவிடுவான். ஒருநாள் அடுக்களையிலிருந்து அம்மா, "அப்பா கம்பளி போத்திண்டிருக்காராடி?" என்று கேட்டாள். "ரெண்டு கம்பளிம்மா" என்றேன். அதன் பிறகு அவளும் தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அப்பா மார்ச்சில் வந்து சேர்ந்தார். பெட்டி வெற்றிலைக்குத் திரும்பியது. கதை சொல்லும் பழக்கம் மட்டும் என்னோடு தங்கிவிட்டது. என் குழந்தைகளுக்குச் சோறு ஊட்டினது, ஜுரத்தில் படுத்தபோது மருந்து குடிக்க வைத்தது எல்லாம் அந்தப் பழக்கம்தான்.

வீட்டில் வாங்கிய 'அம்புலிமாமா'வும் அதே நாகி ரெட்டி, சக்ரபாணி இருவரும் 1947ல் ஆரம்பித்தது என்று பெரியவளான பிறகுதான் தெரிந்தது. வேதாளத்தைத் தோளில் சுமந்த விக்கிரமனை வரைந்த ஓவியர் சங்கர் 2020ல்தான் மறைந்தார். படமும் புத்தகமும் ஒரே வீட்டுச் சமையல்!

போகிறவர்களுக்கு

ஸ்டூடியோவை இன்று பார்க்க முடியாது. ஆனால் பக்கத்திலேயே ஏ.வி.எம். வளாகத்தில் 2023ல் ஒரு காட்சியகம் திறந்திருக்கிறார்கள். பழைய காமிராக்கள், கார்கள் எல்லாம் இருக்கின்றன. எந்த நேரம் என்று விசாரித்துக்கொண்டு போங்கள். காலையில் கிளம்பினால் வெயிலுக்கு முன் கோயிலை முடித்துக்கொள்ளலாம். சின்னக் குழந்தை இருந்தால் தண்ணீரும் தயிர் சாதமும் கையில் இருக்கட்டும்.

முக்கியமாக, போகுமுன் படத்தைக் காட்டிவிடுங்கள். தெலுங்குப் படம் 2010ல் வண்ணமாக்கப்பட்டு வந்தது. ஆனால் கறுப்பு வெள்ளையே எனக்குப் பிடிக்கும். காட்டும்போது நீங்களும் கூடவே உட்காருங்கள். "லட்டு எப்படித் தானாப் போச்சு?" என்று கேட்டால் உடனே விடை சொல்லாதீர்கள். "நீ செய்யறதா இருந்தா எப்படிச் செய்வே?" என்று திருப்பிக் கேளுங்கள். என் பேத்தி நூல் கட்டலாம் என்றாள். பிறகு, கொஞ்சம் நகர்த்தி, கொஞ்சம் நகர்த்திப் படம் எடுக்கலாம் என்று அவளே கண்டுபிடித்தாள்!

ஊருக்குத் திரும்பும் அன்று செருப்பு வாங்கின அட்டைப் பெட்டியை ஜிகினாத்தாள் ஒட்டி எடுத்துக்கொண்டாள். அவள் அம்மா ஆபீஸ் வேலையாக ஆறு மாதமாக ஜெர்மனியில் இருக்கிறாள். "திறந்தா என்னடி தெரியுது?" என்றேன்.

"அது ரகசியம் பாட்டி" என்று மூடிவிட்டாள். நானும் கேட்கவில்லை.