கரை மாறிய பாலங்கள்

ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பேட்டில் கிரீக் என்னும் நகருக்கு அருகே, கலமசூ நதியை ஒட்டி ஒரு பூங்கா இருக்கிறது. நூறாண்டுகளைக் கடந்த இரும்புப் பாலங்கள், தாம் பிறந்த ஆற்றங்கரைகளை விட்டுப் பெயர்ந்து வந்து, அங்கே அண்டை வீட்டார்போல் அருகருகே நிற்கின்றன. அம்மாநிலத்தில் வாழும் நண்பரொருவரைக் காணச் சென்றிருந்தபோது, ஒரு பிற்பகல் முழுவதையும் நாம் அங்கே கழித்தோம்.

பாவர் ரோடு பாலம் 1880-ஆம் ஆண்டில் கட்டப்பெற்றது. கிளின்டன் மாவட்டத்திலிருந்து வந்தது. 1886-இல் எழுந்த ஷார்லட் ஹைவே பாலமும், 1897-இல் எழுந்த கேல் ரோடு பாலமும் கிராண்டு நதியின்மேல் வெவ்வேறு இடங்களில் நின்றவை. குதிரை வண்டிகளையும் வைக்கோல் பாரங்களையும் சுமந்து, பின்னர் மோட்டார் வண்டிகளையும் சுமந்த பாலங்கள் இவை. இன்று இவற்றின்மீது நடந்து செல்வோர் மட்டுமே கடக்கின்றனர்.

இப்பாலங்களின் அமைப்பு, பார்ப்பதற்குச் சிக்கலாயினும் கருத்தளவில் எளியது. முக்கோணம் எளிதில் உருக்குலையாது என்னும் உண்மையே இதன் அடிப்படை. 1844-இல் பிராட் என்னும் தந்தையும் மகனும் காப்புரிமை பெற்ற முறையில், செங்குத்தான தூண்கள் அழுத்தத்தைத் தாங்கும். சாய்ந்து செல்லும் கம்பிகள் இழுவிசையைத் தாங்கும். ஆகவேதான் தூண்கள் பருத்தும், சாய்கம்பிகள் மெலிந்தும் காணப்படுகின்றன. இக்கம்பிகளின் நுனியில் ஊசியின் காதுபோல் ஒரு துளை உண்டு. பல கம்பிகளின் காதுகளை ஒருசேர வைத்து, உருண்டையான இரும்பு முளை ஒன்றைச் செருகிவிடுவர். நம் மாட்டு வண்டிக்குக் கடையாணி எப்படியோ, இப்பாலங்களுக்கு அம்முளை அப்படி.

இம்முளைகளால் ஒரு பெரும் பயன் விளைந்தது. தொழிற்சாலையில் செய்த உறுப்புகளை இரயிலில் ஏற்றி அனுப்பி, ஆற்றங்கரையில் பூட்டிவிடலாம். பூட்டியதை மீண்டும் கழற்றவும் கூடும். யூட்டா மாநிலத்துக் காரின் நகரில் 1882-இல் அமைந்த ஓர் இரயில் பாலம், 1901-இல் கழற்றப்பட்டு, தொலைவிலுள்ள ஆரிகன் மாநிலத்தின் மெக்கன்சி ஆற்றின்மேல் மறுபடி எழுந்தது. ஹேடன் பாலம் என்னும் பெயரில் அது இன்றும் நிற்கிறது. ஆக, பாலத்தை இடம்பெயர்ப்பது புதிய வழக்கமன்று.

பிறகு காலம் மாறிற்று. வண்டிகள் பெருத்தன, பழைய பாலங்களின் அகலமும் வலிமையும் போதவில்லை. 1967-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள், ஒஹையோ ஆற்றின்மேல் இருந்த சில்வர் பாலம் மாலை நெரிசலில் இடிந்து வீழ்ந்தது. 46 பேர் மாண்டனர். அது வேறு வகையான தொங்கு பாலம்; ஆயினும், காதுள்ள பட்டையொன்றில் கண்ணுக்குப் புலப்படாதிருந்த சிறு விரிசலே அதன் வீழ்ச்சிக்குக் காரணம். அதன் பின்னர் நாடெங்கும் பாலங்களை முறையாக ஆய்வு செய்யச் சட்டம் வந்தது. பழம் பாலங்கள்மீது அதிகாரிகளுக்கு எழுந்த அச்சத்தைக் குறை சொல்வதற்கில்லை. மனித உயிரினும் மேலான பழம்பெருமை ஏதுமில்லை. ஆனால் அந்த அச்சத்திலேயே, பழுது பார்த்தால் பிழைக்கக்கூடிய பாலங்களும் பழைய இரும்பாக விலைபோயின. 1987-இல் மற்றொரு சட்டம் பிறந்தது. மத்திய அரசின் பணத்தால் ஒரு வரலாற்றுப் பாலத்தை அகற்றுமுன், அதை ஏற்றுப் பேணுவார் உளரா என்று கேட்டாக வேண்டும் என்பது அதன் கருத்து.

பேணும் வேலை எளிதன்று. உறுப்பு ஒவ்வொன்றுக்கும் அடையாளமிட்டுக் கழற்ற வேண்டும். துருவை அகற்ற வேண்டும். வளைந்த பட்டைகளைச் சூடேற்றிப் பதமாக நிமிர்த்த வேண்டும். பழுதான ரிவெட்டு ஆணிகளை நீக்கி, உலையில் சிவக்கக் காய்ச்சிய புதிய ஆணியைத் துளையிலிட்டு, மறுமுனையைச் சம்மட்டிப் பொறியால் அடித்துத் தலை ஆக்குவர். ஆணி குளிரும்போது சுருங்கித் தகடுகளை இறுகப் பிடித்துக்கொள்ளும். இக்கலை ஏறக்குறைய மறைந்தே போயிருந்தது. லான்சிங் நகரின் சமுதாயக் கல்லூரியில் பற்றவைப்புத் தொழில் கற்பித்த வெர்ன் மெஸ்லர் என்பவர் இதை மீட்டு, பிறருக்கும் கற்பித்தார். இப்பூங்காவின் பாலங்கள் எழுந்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

எனினும் ஒரு கேள்வி நம் உள்ளத்தை விட்டு அகலவில்லை. தன் ஆற்றையும் தன் ஊரையும் இழந்த பாலம், அதே பாலந்தானா? ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு, நகரத்து மகன் வீட்டில் வந்து தங்கும் பெரியவரை நாம் எண்ணிக்கொண்டோம். நல்ல உணவுண்டு; நல்ல கவனிப்பும் உண்டு. திண்ணை மட்டும் இல்லை. இதை நண்பரிடம் சொன்னோம். "வராதிருந்தால் இவை உலையில் உருகியிருக்குமே!" என்றார் அவர். அதுவும் உண்மையே. இருந்த இடத்திலேயே காப்பது தலைசிறந்தது. இயலாதபோது இடம் மாற்றியேனும் காப்பது அடுத்தது.

நம் நாட்டாரும் இதை அறியாதவரல்லர். 1964 டிசம்பரில் வீசிய புயல் பாம்பன் பாலத்தைச் சிதைத்தபோது, புது இரும்புக்குக் காத்திராமல், கடலில் வீழ்ந்த உத்தரங்களையே மீனவரின் துணையோடு தேடியெடுத்துப் பூட்டினர். ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளரின் பொறுப்பில் அவ்வேலை 46 நாள்களில் முடிந்தது. 1914-இல் திறக்கப்பெற்ற அப்பாலம் 2022 டிசம்பரில் ஓய்வு கொண்டது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது.

நம் ஊர்களிலும் இல்லங்களிலும் பழையன பல உண்டு, பழையவர்களும் உளர். இனிப் பயனில்லை என்று ஒதுக்குமுன், எந்தச் சுமையைக் குறைத்தால், எந்த இடத்தில் வைத்தால் அவர்களுக்கு உரிய பணி கிட்டும் என்று எண்ணிப் பார்ப்பது நம் கடன். கேல் ரோடு பாலத்தின்மேல் அன்று சிறுவர் இருவர் ஓடி விளையாடினர். பாரவண்டிகளை இனி அது சுமக்க வேண்டியதில்லை. அச்சிறுவரைக் கரை சேர்க்க அதற்கு வலிமை தாராளமாக இருந்தது.