என் கார்டு, அவன் நம்பர்

அந்த அம்மா கைப்பையிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். என் கார்டுதான். முன்பக்கம் என் பெயர், ஆபீஸ் முகவரி, கீழே ரெரா பதிவு எண். பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவில் ஒரு செல் நம்பர் எழுதியிருந்தது. அது என்னுடையது இல்லை.

"அண்ணா, இந்தத் தம்பி மூணு வாரமா போன் எடுக்க மாட்டேங்குது. எங்க ரெண்டு லட்சத்துக்கு என்ன பதில்?"

2023, பொங்கல் முடிந்த வாரம். மணலி புதுநகரில் இருபது வருஷத்துக்கு மேல் வீடு, மனை புரோக்கராக இருக்கிறேன். எத்தனையோ பேர் என் எதிரில் உட்கார்ந்து கோபப்பட்டிருக்கிறார்கள். கமிஷன் அதிகம் என்பார்கள், பத்திரம் லேட் என்பார்கள். பேசிச் சரிசெய்து அனுப்பிவிடுவேன். அன்றைக்கு அந்த நம்பரைப் பார்த்ததும் வாயில் வந்தது ஒரே வார்த்தைதான்.

"அவன் என் ஆள் இல்லம்மா. கமிஷனுக்கு ஓடுற பையன்."

அவர் சத்தம் போடவில்லை. கார்டை என் பக்கம் கொஞ்சம் தள்ளினார். "கார்டு உங்களுது. ரசீது உங்க லெட்டர் பேடு. அதுல இருக்கிற கையெழுத்தும் உங்களுது. அந்தத் தம்பி மட்டும் உங்க ஆள் இல்லையா?"

கையெழுத்து என்னுடையதுதான். நான் வெளியே போயிருக்கும்போது அவசரத்துக்கு ஆகட்டும் என்று லெட்டர் பேடில் ரெண்டு தாள் கையெழுத்துப் போட்டு டிராயரில் வைத்திருந்தேன். இதை எழுதும்போது இப்போதும் கூசுகிறது.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மணலி புதுநகர் சி.எம்.டி.ஏ. மனை பிரித்து உருவாக்கிய ஊர். முகவரி கேட்டால் தெருப் பெயர் சொல்ல மாட்டோம், எத்தனையாவது பிளாக் என்றுதான் சொல்வோம். சுற்றிலும் ஆலைகள், கன்டெய்னர் லாரிகள், ஒரு பக்கம் வல்லூர் அனல்மின் நிலையம். கம்பெனிகளில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறவர்களுக்குச் சொந்தமாக ஒரு அரை கிரவுண்டாவது வாங்கிவிட வேண்டும் என்பதுதான் ஆசை. ஊருக்குள் விலை எட்டாது. அதனால் மீஞ்சூர், பொன்னேரி பக்கம் புதிதாகப் போடுகிற லே-அவுட்டுகளுக்குப் போவார்கள். எங்கள் பிழைப்பும் அந்த ரோட்டில்தான்.

இங்கே மனை பார்க்க வருகிற யாரும் முதலில் விலை கேட்பதில்லை. "தண்ணி வருமா?" என்றுதான் கேட்பார்கள். காரணம் உண்டு. இங்கே மழை விட்டு வெயில் அடிக்கிற நாளில்கூட வெள்ளம் வரும். பூண்டி ஏரியில் உபரி நீரைத் திறந்தால் கொசஸ்தலை ஆற்றில் வந்து எண்ணூர் கழிமுகத்துக்குப் போகிற தண்ணீர் எங்களை ஒட்டித்தான் போக வேண்டும். 2021 நவம்பரில் அப்படித்தான் புதுநகர் வீடுகளுக்குள் புகுந்தது.

அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று அந்தப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். "பொய் சொல்லாதே. ஆனா நேராவும் சொல்லாதே. 'சென்னையில எங்க சார் தண்ணி வரலை?'ன்னு கேளு. அவங்களே சிரிச்சிடுவாங்க" என்றேன். அதைத் தொழில் சாமர்த்தியம் என்று நினைத்தேன். அவன் ஒரு படி மேலே போய், "இந்த சைட்ல தண்ணி வந்ததே இல்ல" என்று சொல்லிவிட்டான். அந்த ஒரு படியை ஏற அவனுக்கு அதிக நாள் ஆகவில்லை.

பிளஸ் டூ முடித்துவிட்டு கூரியர் வேலை பார்த்தவன். பைக் இருந்தது, பேச்சு இருந்தது. சம்பளம் என்று எதுவும் பேசவில்லை. சைட் காட்டு, பார்ட்டி முடிந்தால் எனக்கு வருகிற கமிஷனில் பாதி உனக்கு என்றேன். லே-அவுட்காரர்கள் சதுர அடிக்கு அறுபது ரூபாய் கொடுத்தால், 800 சதுர அடிக்கு 48,000. அவனுக்கு 24,000. மனை விற்காத மாதத்தில் பெட்ரோல்கூட அவன் காசுதான். அவன் பெயரில் ரெரா பதிவு கிடையாது. "என் நம்பர் இருக்கே, அது போதும்" என்று சொல்லி நூறு கார்டு கொடுத்தேன்.

2022 புரட்டாசியில் அய்யா வைகுண்ட தர்மபதி திருவிழா. கூட்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அங்கேதான் அவன் நோட்டீஸும் என் கார்டும் விநியோகித்திருக்கிறான். இந்த அம்மா சாலையோரம் டிபன் கடை போட்டிருக்கிறார். கணவருக்கு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சைட் பார்க்கப் போயிருக்கிறார்கள். ஆற்றுப் பக்கம் 24 மனை, தலா 800 சதுர அடி. சதுர அடி 1,800 ரூபாய், ஆக 14,40,000. "அப்ரூவல், ரெரா எல்லாம் வந்தாச்சுக்கா. தை பிறந்தா விலை ஏறிடும்" என்று சொல்லியிருக்கிறான். நகையை அடகு வைத்து, சீட்டுப் பணத்தையும் சேர்த்து ரெண்டு லட்சம் கொடுத்திருக்கிறார்கள்.

எந்த அப்ரூவலும் வரவில்லை. எனக்கும் அது தெரியாது என்று முழுசாகச் சொல்ல முடியாது. ஒரு நாள் டீ குடிக்கும்போது, "டேய், அந்த லே-அவுட்டுக்கு அப்ரூவல் வந்துடுச்சா?" என்று கேட்டேன். "வந்துடும்ணா" என்றான். நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

லே-அவுட்காரரைப் போய்ப் பார்த்தேன். "ஒன்றரை லட்சம் வந்தது. டோக்கன் போட்டா திரும்பாது. அந்தப் பையனை எனக்குத் தெரியாது. நான் உன்னைத்தானே வெச்சேன்? ஆள் வைக்கச் சொன்னேனா?" என்றார். மீதி ஐம்பதாயிரத்தைப் பையன் கமிஷன் என்று எடுத்துக்கொண்டிருக்கிறான். அக்கா கல்யாணக் கடன் என்று பிறகு அழுதான்.

பொன்னேரி கோர்ட்டில் பிராக்டிஸ் செய்யும் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போனேன். நான் தப்பிக்க வழி கேட்கத்தான் போனேன், மறைப்பானேன். அவர் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னார்.

2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி 500 சதுர மீட்டருக்கு மேல் உள்ள லே-அவுட்டை ரெராவில் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. 500 சதுர மீட்டர் என்பது நம் கணக்கில் ரெண்டேகால் கிரவுண்டு. 24 மனை போட்டவர் எந்த வழியிலும் விலக்குக் கேட்க முடியாது. பதிவு ஆன திட்டத்திலேயே, கிரைய ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. இந்த மனைக்கு அது 1,44,000. ரெண்டு லட்சம் அதையும் தாண்டியது.

"இது அவருக்கு. எனக்கு?" என்றேன்.

பத்தாவது பிரிவைக் காட்டினார். பதிவாகாத திட்டத்தில் ஏஜென்ட் மனை விற்க உதவக் கூடாது. இல்லாத அப்ரூவலை இருப்பதாக எழுத்திலோ வாயாலோ சொல்லக் கூடாது. 'வாயாலோ' என்ற இடத்தில் விரலை வைத்து என்னைப் பார்த்தார். மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், மனை விலையில் ஐந்து சதவீதம் வரை அபராதம். 72,000. பதிவையே ரத்து செய்யவும் அதிகாரம் இருக்கிறது.

"சொன்னது நான் இல்லையே சார்?"

"ஒவ்வொரு விற்பனையிலும் உங்க பதிவு எண்ணைக் குறிப்பிடணும்னு சட்டமே சொல்லுது. அந்த எண் எங்கே இருக்கோ அங்கே நீங்க இருக்கீங்க" என்றார். பிறகு இன்னொரு புத்தகம். 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், 193-வது பிரிவு. ஏஜென்ட் ஒருவர் தனக்கு அதிகாரம் தராமலே இன்னொரு ஆளை வேலைக்கு இறக்கினால், அந்த ஆள் செய்கிற காரியத்துக்கு முதலாளிக்கும் மூன்றாம் மனிதருக்கும் அந்த ஏஜென்ட்தான் பொறுப்பு. லே-அவுட்காரர் "ஆள் வைக்கச் சொன்னேனா?" என்று கேட்டாரே, அந்தக் கேள்விக்கு நூற்றைம்பது வருஷமாகப் பதில் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர் வாங்கிய ஒன்றரை லட்சத்துக்கு அவர் பொறுப்பு. பையனுக்கு நான் பொறுப்பு.

சிங்கப்பூரில் இருக்கும் என் அக்கா பையனிடம் இதைச் சொன்னபோது சிரித்தான். அங்கே 2010-லேயே தனிச்சட்டம் போட்டு, வீடு காட்டுகிற ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும், ஒருவர் ஒரு ஏஜென்சியில்தான் இருக்க முடியும் என்று வைத்திருக்கிறார்கள். ஏஜென்ட்டின் போன் நம்பரைத் தட்டினால் பதிவு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். வீடு விற்கிற வாங்குகிற பணத்தை அவர்கள் கையால் தொடவே கூடாது. இங்கே அப்படிப் படிப்படியாக எதுவும் இல்லை. ஏஜென்ட் என்றால் தரகர், இடைத்தரகர் என எந்தப் பெயரில் இருந்தாலும் ஏஜென்ட்தான் என்று சட்டம் ஒரே போடாகப் போடுகிறது. அப்படிப் பார்த்தால் பைக்கில் சைட் காட்டிப் பேரம் பேசிய என் பையனும் பதிவு செய்திருக்க வேண்டியவன்.

அபராதம் வரை விஷயம் போகவில்லை. எழும்பூரில் உள்ள ஆணையத்தில் நானே புகார் கொடுப்பேன் என்று லே-அவுட்காரரிடம் சொன்னேன். என் கழுத்துக்கும் அது கத்திதான் என்று அவருக்கும் தெரியும். சித்திரையில் ஒரு லட்சம் கொடுத்தார், அதோடு சரி. மீதி ஒரு லட்சத்தை நான் மூன்று தவணையாகக் கட்டினேன். கடைசித் தவணையைக் கொடுக்க டிபன் கடைக்கே போனேன். எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். "சாப்பிட்டுப் போங்கண்ணா" என்றார். சாப்பிட்டேன். அடகுக் கடை வட்டியை நான் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. மாதக்கணக்கில் அது எவ்வளவு ஆகியிருக்கும் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியும்.

பையனைத் துரத்தவில்லை. மாதச் சம்பளம் போடுகிறேன், சைட் வரைக்கும் கூட்டிக்கொண்டு போ, அப்ரூவல், விலை, தண்ணீர் பற்றி எது கேட்டாலும் எனக்குப் போன் போட்டுக் கொடு, பணத்தைத் தொடாதே என்றேன். ரெண்டு மாதம் இருந்தான். "கை கட்டின மாதிரி இருக்குண்ணா" என்று சொல்லிவிட்டு வேறு ஒருவரிடம் போய்விட்டான். இப்போது என்னிடம் இருக்கிற பெண்ணுக்கும் சம்பளம்தான். என்னுடைய பதிவுச் சான்றிதழையும், நாங்கள் விற்கிற லே-அவுட்டின் ரெரா பதிவையும் சைட்டுக்குக் கிளம்புவதற்கு முன்பே பார்ட்டியின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுகிறோம். பணம் நேராகத் திட்டத்தின் பேங்க் கணக்குக்குத்தான். வியாபாரம் குறைந்திருக்கிறது, உண்மை. தண்ணீர் வருமா என்று கேட்டால் வந்தது, இவ்வளவு உயரம் வந்தது என்று சொல்கிறோம். பாதிப் பேர் அங்கேயே திரும்பிவிடுகிறார்கள்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் அடித்து ஓய்ந்த நாலாம் நாள் பைக்கை எடுத்துக்கொண்டு அந்த ஆற்றுப் பக்கம் போனேன். மனைக்கல் ஒன்றுகூடத் தெரியவில்லை. ரோட்டிலேயே நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

பழைய கார்டுகளில் மீதி இருந்ததைக் கிழித்துப் போட்டாயிற்று. பையனுக்குக் கொடுத்த நூறில் எத்தனை யார் பர்ஸில் இருக்கிறது என்று தெரியாது. போன மாதம் ஒரு மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து போன்.

"சார், உங்க கார்டு ஒண்ணு எங்கிட்ட இருக்கு. பின்னாடி எழுதியிருக்கிற நம்பர் ஸ்விட்ச் ஆஃப்னு வருது. அதான் முன்னாடி இருக்கிற நம்பருக்குப் போட்டேன்."

பேனாவை எடுத்துக்கொண்டு, எந்த சைட், எவ்வளவு கொடுத்தீங்க என்று கேட்டேன்.