முளைக்காத பல்லும் ஆறு மாதமும்

பள்ளித் தவணை தொடங்கியதிலிருந்து இப்பக்கத்தில் எதுவும் எழுத இயலவில்லை. காரணம் என் வாய்க்குள் இருக்கிறது.

மேல்வரிசை முன்பல் ஒன்றை இழந்து ஈராண்டுகள் கழற்றி மாட்டும் பல்லோடு காலத்தை ஓட்டினேன். வேலைப்பளு என்று சொல்லிக்கொள்ள நமக்கா காரணம் கிடைக்காது? இம்பிளாண்ட் பொருத்திக்கொள்ளலாம் என்று ஒருவழியாகப் பல் மருத்துவரிடம் சென்றபோதுதான், பல்லைத் தாங்கிய எலும்பும் போய்விட்டதை அறிந்தேன். பல் இல்லாத இடத்து எலும்பு வேலையற்றுக் கரைந்துவிடுமாம். அதிலும் பெரும்பங்கு முதல் 6 மாதங்களிலேயே. ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் பருமனுள்ள டைட்டானியத் திருகை நட, என் தாடையில் 3 மில்லிமீட்டர் அகலமே எஞ்சியிருந்தது.

"முதலில் எலும்பு ஒட்ட வேண்டும். அது உறுதிப்பட ஆறு மாதம். அதன்பின் திருகு. அது எலும்போடு பிணைய இன்னும் மூன்று நான்கு மாதம்," என்றார்.

"ஆண்டிறுதி விடுமுறைக்குள் முடித்துவிட முடியாதா, டாக்டர்?"

"தையல் பிரித்ததும் ஈறு ஆறிவிட்டதாகத்தான் தெரியும், டீச்சர். அதை நம்பி அவசரப்படக் கூடாது."

ஒட்டிய எலும்பு வெறும் சாரமே. அதனூடே முதலில் புதிய இரத்த நாளங்கள் நுழைய வேண்டும். பின்னர் நம் உடலின் அணுக்கள் இளம் எலும்பைக் கட்டி, அதை மெல்ல இறுக்க வேண்டும். சிறிய குழிக்கு மூன்று நான்கு மாதம் போதும். பெரிய ஒட்டுக்கு ஒன்பது மாதமும் ஆகலாம். முற்றாத எலும்பில் திருகை நட்டால் அது பிடிப்பின்றி ஆடிவிடும்.

எதை ஒட்டுவது என்பதிலும் ஒரு சிக்கல். பதப்படுத்திய மாட்டெலும்புத் துகள் பரவலாகப் பயன்படுகிறது என்றதும் உடன் வந்திருந்த என் அம்மா எழுந்தே நின்றுவிட்டார். மருத்துவர் சிரிக்கவில்லை, மருந்துக்கு முன் சமயத்தைக் கேட்பது இந்நாட்டில் வழக்கந்தான். இறுதியில் என் கீழ்த்தாடையின் பின்புறத்திலிருந்தே சிறு துண்டு எடுத்து ஒட்டினார். இரண்டு இடத்தில் வலி. ஆயினும் அம்மாவுக்கு நிம்மதி.

எனக்கு இனிப்பு நீர் உண்டு. சர்க்கரை கட்டுக்குள் இல்லையேல் ஒட்டு ஆறாது என்பதால் சிற்றுண்டிச்சாலைத் தே தாரிக்கை அடியோடு விட்டேன். மாதத்தை எண்ணுவதைவிட அதுதான் கடினம்.

ஒட்டின்மேல் அழுத்தம் படலாகாது என்று முதற்சில வாரங்கள் கழற்றி மாட்டும் பல்லுக்கும் தடை. அவ்வாரங்களில்தான் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு 'ந' கற்பிக்க வேண்டியிருந்தது. நாநுனி மேற்பல்லின் அடியைத் தொட்டுப் பிறக்கும் ஒலி அது. தொல்காப்பியம் பிறப்பியலில் இதைச் சொல்கிறது. இருபதாண்டுகளாக வாயைத் திறந்து காட்டியே கற்பித்தவள், அன்று கையால் வாயை மூடிக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பினேன்.

"டீச்சர், உங்களுக்கும் பல் விழுந்துடுச்சா?" என்றாள் முன்வரிசையில் ஒருத்தி. அவளுக்கும் முன்பற்கள் இரண்டில்லை. கையை எடுத்துவிட்டேன். பொக்கைவாய்களோடு பொக்கைவாயாக 'நகம்', 'நண்டு', 'நாய்' என்று சொன்னோம். காற்று ஒழுகினாலும் 'ந' பிறக்கத்தான் செய்தது.

இன்று ஐந்தாம் மாதம். அவளுக்குப் புதுப்பல் பாதி வந்துவிட்டது. நாள்தோறும் என்னிடம் வந்து காட்டுகிறாள், என் வாயையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள். எனக்கு அடுத்த மாதம்தான் எக்ஸ்ரே.