ஒரே யோசனையா இருக்கு...

மனநலம் என்று சொன்னாலே தமிழ்நாட்டில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது கீழ்ப்பாக்கம். சினிமா காமெடியில் அது பல வருஷமாக ஓடுகிற ஜோக். கல்லூரியில் ஒருவன் நாலு நாள் தனியாக உட்கார்ந்திருந்தால் போதும், "மாப்ள, கீழ்ப்பாக்கம் கேஸ்டா" என்று முடித்துவிடுவார்கள். 1794-ல் ஆரம்பித்த அந்த ஆஸ்பத்திரி இரண்டு நூற்றாண்டுக்கு மேல் எத்தனையோ பேரைக் குணமாக்கி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. ஆனால் அதன் பெயர் மட்டும் ஜோக்காகவே நின்றுவிட்டது.

இந்த ஜோக்கால் ஒரு நஷ்டம் இருக்கிறது. மனநலப் பிரச்சினை என்றால் சட்டையைக் கிழித்துக்கொண்டு ரோட்டில் ஓடுவது என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். அப்படி ஓடாத வரைக்கும் "நமக்கு ஒன்றுமில்லை". காலையில் எழுந்து, சோறாக்கி, வேலைக்குப் போய், சம்பளம் வாங்கி வருகிற ஒருவருக்கும் மனம் நோகும், அதற்கும் வைத்தியம் உண்டு என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

கீழ்ப்பாக்கத்தை விட்டுவிட்டு தேவாரத்துக்கு வருவோம்.

தேனி மாவட்டம், உத்தமபாளையம் தாலுகா, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் ஒரு பேரூராட்சி. நிமிர்ந்து பார்த்தால் மலை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவின் இடுக்கி மாவட்டம், ஏலத்தோட்டங்கள். விடிவதற்கு முன்பே தேவாரம், போடி, கம்பம் பக்கத்து ஊர்களிலிருந்து ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறும். தேவாரத்திலிருந்து சாக்குலூத்துமெட்டு வழியாக நேர் ரோடு வேண்டும் என்பது பல பத்தாண்டுக் கோரிக்கை. ரோடு இல்லாததால் போடிமெட்டு, கம்பம்மெட்டு என்று சுற்றித்தான் போக வேண்டும். தூக்குச்சட்டியில் சோறு, அட்டை கடிக்காமல் இருக்கக் காலில் ஏதாவது தேய்த்துக்கொண்டு, மழையில் குனிந்தபடி காய் எடுத்துவிட்டு, இருட்டும் நேரத்தில் திரும்பி வருவார்கள்.

அந்த ஜீப் ஒன்றில் இருபது வருஷமாகப் போய்வருகிற ஒரு பெண். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். காய் எடுப்பில் கெட்டிக்காரி என்று பெயர். வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவார். அவர் ஏறினால் ஜீப்பில் யாரும் தூங்க முடியாது என்று கேலி பேசுவார்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. எல்லையை மூடினார்கள், ஜீப் நின்றது. ஏற்கெனவே ஒரு குழுக் கடன் இருந்தது. அதைக் கட்ட இன்னொன்று, இரண்டையும் கட்ட மூன்றாவது. மூன்றாவது கடன் வீட்டுக்காரருக்குத் தெரியாது. மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகும் ஏதோ சரியில்லை. ராத்திரி 2 மணிக்கு முழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் கிடையாது. நெஞ்சு படபடவென்று அடிக்கும். கைகால் அசந்துபோகும். சாப்பாடு இறங்காது. ஜீப்பில் ஒரு மூலையில் பேசாமல் உட்கார்ந்து வர ஆரம்பித்தார்.

"என்னக்கா, முகமே சரியில்ல?"

"ஒண்ணுமில்லத்தா. ஒரே யோசனையா இருக்கு."

அவ்வளவுதான் பதில். கேட்டவளும் விட்டுவிட்டாள்.

நெஞ்சுப் படபடப்புக்கு ஊசி போட்டார்கள். ஈசிஜி எடுத்தார்கள், நார்மல். அசதிக்கு குளுக்கோஸ் ஏற்றினார்கள். சத்து டானிக் வாங்கினார்கள். ஒன்றும் ஆகவில்லை என்றதும் குறி கேட்டார்கள், தாயத்துக் கட்டினார்கள். எட்டு மாதம் இப்படியே போனது. கடைசியில் வீட்டில் உள்ளவர்களே, "டாக்டரே ஒண்ணுமில்லங்கிறாரு, வேலைக்குப் போகாம இருக்கத்தான் இப்படி" என்று பேச ஆரம்பித்தார்கள். வியாதியை விட அந்தப் பேச்சுதான் அதிகம் வலித்திருக்கும்.

அந்தப் பெண் நடிக்கவில்லை. படபடப்பும் நிஜம், ஈசிஜி நார்மல் என்பதும் நிஜம்.

ஆபத்து என்று மூளை நினைத்த உடனே உடம்பு தயாராகிவிடுகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, செரிமானம் மெதுவாகிறது. மலை ரோட்டு வளைவில் எதிரே லாரி வந்தால் இது உதவும். லாரி போனதும் உடம்பு பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் வாரத் தவணை அப்படி இல்லை. இந்த வாரம் போனால் அடுத்த வாரம் வரும். ஆபத்து முடிந்தது என்று உடம்புக்குச் சொல்ல ஆளே இல்லை. மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. தூக்கம் போகிறது, பசி போகிறது, கடைசியில் எதிலும் ஆசை இல்லாமல் போகிறது.

வருத்தம் எல்லோருக்கும் வரும். அது நோய் இல்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில், மனசு பாரமாகவே இருக்கிறது, பிடித்த விஷயத்தில்கூட ஆர்வம் இல்லை, கூடவே தூக்கமும் பசியும் கெட்டுப்போய் அன்றாட வேலையும் தடுமாறுகிறது என்றால், அது மனச்சோர்வாக இருக்கலாம். டாக்டர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு நடத்தியது. பெரியவர்களில் 100-க்குச் சுமார் 10 பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. மனச்சோர்வு, பதற்றம் போன்றவை இருந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் சிகிச்சைக்கே வரவில்லை. அவர்கள் எல்லோரும் வீட்டில், வயலில், கடையில், ஜீப்பில்தான் இருந்தார்கள்.

இந்த ஊர்ப் பக்கம் அதிர்ச்சிகளுக்குக் குறைவில்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை முற்றியபோது இடுக்கித் தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர்கள் பயந்துபோய், குழந்தைகளோடு மலைப் பாதைகளில் நடந்தே இறங்கி வந்தார்கள். 2018 ஆகஸ்டில் பெருமழையும் நிலச்சரிவும் இடுக்கியைப் புரட்டிப் போட்டன. 2019 ஆகஸ்டில் ஏலக்காய் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போய்ப் பிறகு இறங்கியது. போடியில் சில வீடுகளில் அன்றைய ஏல விலை தெரிந்தால்தான் காபியே தொண்டையில் இறங்கும். அடுத்த வருஷமே ஊரடங்கு.

ஒவ்வொரு தடவையும் நஷ்டக் கணக்கு போட்டார்கள். எத்தனை நாள் கூலி, எத்தனை கிலோ காய், எவ்வளவு வட்டி என்று. ஒரு கம்பெனி மிஷினுக்குக்கூட வருஷா வருஷம் தேய்மானம் எழுதுகிறது. இருபது வருஷம் மலை ஏறி இறங்கிய ஒரு மனசுக்கு யாரும் எழுதுவதில்லை. அது ஒருநாள் நின்றுபோனதும், "நல்லாத்தானே இருந்துச்சு" என்கிறார்கள்.

ஆண்களிடம் இதே யோசனை வேறு உருவத்தில் வருகிறது. எரிந்து விழுவது, கடையில் போய் நிற்பது. குடித்தால் தூக்கம் வருவது போல இருக்கும், ஆனால் தூக்கத்தின் தரம் கெட்டு, சோர்வு கூடத்தான் செய்யும். அதையும் "குடிகாரப் பய" என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள்.

கோயிலுக்கும் தர்காவுக்கும் போவது தப்பா? இல்லை. அங்கே கிடைக்கிற ஆறுதலைச் சின்னதாக நினைக்கக் கூடாது. ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் நாடே திரும்பிப் பார்த்தது. பின்னாளில் அதே ஏர்வாடியில் 'தவா-துவா' என்று, மருந்தும் வேண்டுதலும் சேர்ந்தே நடக்க அரசு ஏற்பாடு செய்தது. வேண்டுதலை விடச் சொல்லவில்லை, மாத்திரையையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் இப்படிச் சங்கிலி போடுவதைத் தடை செய்தது. மரியாதையான சிகிச்சை ஒவ்வொருவருடைய உரிமை என்றும் சொன்னது.

"யோசனை" என்ற வார்த்தைக்கு வருவோம். இது தேவாரத்தில் மட்டும் இல்லை. ஆப்பிரிக்காவின் ஜிம்பாப்வேயில் ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்று ஒரு சொல் உண்டு. அர்த்தம், அதிகமாக யோசிப்பது! அங்கேயும் மனச்சோர்வுக்கு மக்கள் சொல்கிற பெயர் அதுதான். டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவரின் நோயாளி ஒரு பெண், ஆஸ்பத்திரிக்கு வர பஸ் காசு 15 டாலர் இல்லாமல், வராமலே தன் உயிரை விட்டாள். அது அவரை மாற்றியது. டாக்டரிடம் ஜனங்கள் வர முடியாவிட்டால் வைத்தியம் ஜனங்களிடம் போகட்டும் என்று 2006-ல் ஹராரே நகரில் 14 பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். சுகாதார நிலையத்துக்கு வெளியே மரத்தடியில் ஒரு பெஞ்சு. பாட்டி உட்கார்ந்து கேட்பார். அறிவுரையை அள்ளி வீசமாட்டார். "உன் பிரச்சினைகளைச் சொல். இதில் முதலில் எதை எடுப்போம்? இந்த வாரம் என்ன செய்ய முடியும்?" அவ்வளவுதான். முறைப்படி சோதித்துப் பார்த்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களை விட, ஆறு மாதத்தில் நல்ல குணம் தெரிந்தது.

பெஞ்சுக்கு தேவாரத்தில் என்ன பஞ்சம்? திண்ணை இருக்கிறது, சாவடி இருக்கிறது, டீக்கடை இருக்கிறது. இவை எதுவும் இல்லாவிட்டாலும் தினமும் போய்வருகிற ஜீப் இருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கும் ஜீப்பில்தான் வழி பிறந்தது. பக்கத்தில் உட்கார்ந்து வருகிற மூத்த பெண்மணி ஒருவர். அவர் தம்பிக்கு ஒரு காலத்தில் இதே மாதிரி வந்து, வைத்தியம் பார்த்துச் சரியானது. அவர் "என்ன யோசனை?" என்று கேட்கவில்லை.

"ராத்திரி தூங்குறியாத்தா?"

"இல்லக்கா."

"எத்தன நாளா?"

பதில் வரவில்லை, அழுகைதான் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அந்த மூத்தவர் இன்னொன்றும் கேட்டார். "செத்துப் போயிரலாம்னு தோணுதா?" தோன்றியது உண்மை. எட்டு மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது தவறு. நேராக, அன்பாகக் கேட்பது பாரத்தைக் குறைக்கும், காப்பாற்றும் என்றுதான் இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்கிறார்கள்.

அந்த மூத்தவர் அதோடு விடவில்லை. அடுத்த நாள் தன் கூலியையும் விட்டுவிட்டு, தேனி தாண்டி க.விலக்கில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மனநலப் பிரிவில் பேசினார்கள், மாத்திரை கொடுத்தார்கள். காசு வாங்கவில்லை. முதல் வாரம் ஒரு மாற்றமும் இல்லை. விட்டுவிடலாம் என்று தோன்றியது. இந்த மாத்திரைகள் வேலை செய்ய இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்ததால் தொடர்ந்தார். மூன்றாவது வாரம் ஒருநாள் விடியும் வரை தூங்கினார்.

மாத்திரை கடனை அடைக்காது. கடன் அப்படியேதான் இருந்தது. ஆனால் தூங்கி எழுந்த தலைக்குக் கணக்குப் போட முடிந்தது. மூன்றாவது கடனை வீட்டுக்காரரிடம் சொன்னார். ஒருநாள் சண்டை, இரண்டு நாள் பேச்சில்லை, அப்புறம் இருவரும் உட்கார்ந்து எதை முதலில் முடிப்பது என்று எழுதினார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஜீப்பில் மறுபடி அவர் குரல் கேட்கிறது. அது போதும்.

இதைப் படிப்பவர்களின் வீட்டிலோ, ஹாஸ்டல் அறையிலோ, பக்கத்து பெஞ்சிலோ இப்படி ஒருவர் இருக்கலாம். அவருக்குச் செய்யக் கூடியவை பெரிய விஷயங்கள் இல்லை.

"நல்லா இருக்கியா" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் வரும். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்கலாம். பதில் சொல்லும்போது குறுக்கே பேசாமல் இருக்கலாம். "இதெல்லாம் ஒரு விஷயமா", "உன்ன விடக் கஷ்டப்படுறவங்க இருக்காங்க" என்ற இரண்டு வாக்கியங்களை மறந்துவிடலாம். டாக்டரிடம் போகச் சொல்வதோடு நிறுத்தாமல் கூடப் போகலாம். மாத்திரை ஆரம்பித்தால் டாக்டர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம் என்று ஞாபகப்படுத்தலாம்.

பஸ் ஏற முடியாதவர்களுக்கு போன் இருக்கிறது. 2022 அக்டோபர் 10-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் எண் 14416. கட்டணம் இல்லை, எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். தற்கொலை எண்ணத்தோடு போராடுகிறவர்களுக்காக சென்னையில் 1986-லிருந்து 'சிநேகா' அமைப்பும் இயங்குகிறது.

எண்ணை மொபைலில் சேமித்து வைக்க அரை நிமிஷம் ஆகும். அதற்கு முன்னால், யாராவது "ஒரே யோசனையா இருக்கு" என்று சொன்னால், தயவுசெய்து அடுத்த கேள்வியையும் கேளுங்கள்.